கண்ணாடியம்மாவும் இரண்டு பம்புகளும்

கண் பரிசோதித்து, லென்ஸ் தேய்த்து, மூக்குக்கண்ணாடி செய்து தருவது அவள் தொழில். அதனால் எல்லோருக்கும் அவள் கண்ணாடியம்மா. கடை இருந்த கட்டடத்தை இடித்தபோது, இன்னொரு கடை தேடாமல், நாற்பது வயதான ஒரு வீட்டு வண்டியை வாங்கினாள். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள பெட்ரோல் வண்டி. சாப்பாட்டு மேசை இருந்த இடத்தில் லென்ஸ் தேய்க்கும் மெஷின் ஏறியது. குளியலறைக் கதவில் எழுத்துப் பலகை தொங்கியது. தீயணைப்பு நிலையத்திலிருந்து ஓய்வு பெற்ற கணவரையும் ஏற்றிக்கொண்டு, வாரம் ஓர் ஊர் என்று கிளம்பிவிட்டாள்.

சமவெளியில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. ஏற்றம் என்றால்தான் அதற்கு ஆகாது. மலைமேல் இருந்த ஊருக்கு மூன்று முறை புறப்பட்டு, மூன்று முறையும் பாதி வழியில் நின்றது. டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தர என்ஜினை ஒட்டியிருந்த பழைய பம்ப் கொதித்து, பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். கணவர், காய்ச்சல்காரனுக்கு நெற்றியில் போடுவதுபோல் பம்பின்மேல் ஈரத்துணியைப் போட்டுக் காத்திருப்பார். அரை மணி கழித்துக் கிளம்பும்; அடுத்த வளைவில் மறுபடி மூச்சை விட்டுவிடும்.

மூன்றாவது முறை மேலேயிருந்து அந்த ஊர்த் தபால்காரர் போன் செய்தார். "அம்மா, நாற்பது பேர் காலையிலேருந்து உக்காந்திருக்காங்க. வீட்டுக்குப் போகச் சொல்லிடட்டுமா?"

"சொல்லிடுங்க" என்றவள் உடனே மெக்கானிக்கின் நம்பரைத் தேடினாள்.

மறுநாள் வண்டி மெக்கானிக்கின் கொட்டகையில் நின்றது. அவர் பம்பைத் தட்டிப் பார்த்தார். "இது நல்ல ஜாதி பம்ப்மா. என்ஜின் ஓடினா ஓடும், நின்னா நிக்கும். ஒயர் கிடையாது, ஃபியூஸ் கிடையாது. உள்ள இருக்கிற ரப்பர் தகட்டை மட்டும் மாத்தித் தரேன்."

கூட வந்திருந்த அவள் தம்பி எலக்ட்ரீஷியன். அவன் சும்மா இருப்பானா? "தகடு மாத்தினா சூடு குறையுமாண்ணே? எலக்ட்ரிக் பம்பைப் பின்னால டேங்க் பக்கத்துல மாட்டிடலாம். அங்க சூடே இல்ல. அங்கேருந்து தள்ளிக்கிட்டே இருந்தா பெட்ரோல் அவ்வளவு லேசுல ஆவியாகாது."

"ரெண்டையும் வச்சுக்கிட்டா?" என்று கண்ணாடியம்மா கேட்டாள்.

மெக்கானிக் தலையை ஆட்டினார். "வேணாம்மா. பழைய பம்புல தகடு கிழிஞ்சா, பின்னாலேருந்து வர்ற பெட்ரோல் நேரா என்ஜின் ஆயில்ல கலந்துடும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"அக்கா, இது தெளிவா, அது தெளிவான்னு நீதானே ஊரையே கேக்கிறே! இப்ப நீ சொல்லு" என்று தம்பி சிரித்தான்.

கணவர் சிரிக்கவில்லை. "மாப்ள, டேங்குக்கு மேலதான் என் கட்டில். வண்டி எங்கயாவது மோதி என்ஜின் நின்னுபோச்சு. உன் பம்ப் மட்டும் அதுபாட்டுக்குப் பெட்ரோலைக் கொட்டிக்கிட்டே இருந்தா? அப்படி எரிஞ்ச வண்டியை நான் பாத்திருக்கேன்."

முப்பது வருடம் தீயோடு மல்லுக்கட்டியவர் சொல்வதை எப்படித் தள்ளிவிடுவது?

கண்ணாடியம்மா கொஞ்ச நேரம் கொட்டகைக்குள் நடந்துவிட்டு வந்தாள். "எலக்ட்ரிக்கே போடுடா. ஆனா என்ஜின் நின்னா அதுவும் தானா நிக்கணும். யாரும் சுவிட்சைத் தேடக் கூடாது. அது முடியாதுன்னா பழசே இருக்கட்டும். நான் மலையை மறந்துடறேன்."

தம்பி தலையைச் சொறிந்தான். வழி சொன்னவர் மெக்கானிக்தான். "என்ஜின் ஓடினாத்தானே ஆயில் பிரஷர் இருக்கும்? பம்புக்குப் போற கரன்ட்டை ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியா விடுப்பா. பிரஷர் போனா கரன்ட்டும் போயிடும். ஸ்டார்ட் பண்றப்ப பிரஷர் இருக்காது, அதுக்கு மட்டும் தனி ஒயர்."

"அண்ணே, நீங்க எங்க எலக்ட்ரீஷியன் ஜாதில சேர வேண்டியவரு!" என்று தம்பி கையைத் தட்டினான்.

முதலில் வாங்கிய பம்புக்கு வேகம் அதிகம். பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்குத் தரும் கார்புரேட்டர், முடிந்த மட்டும் குடித்துவிட்டு மீதியை வெளியே கக்கியது. கணவர் தீயணைப்பு உருளையோடு ஓடி வந்து, "பாத்தியா?" என்பதுபோல் மனைவியைப் பார்த்தார். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. "பம்ப் மேல தப்பில்லம்மா, இந்த வண்டிக்கு மெதுவாத் தள்ளுறது வேணும்" என்று மெக்கானிக் வேறொன்றை வரவழைத்துப் பொருத்தினார்.

கணவர் கட்டிலில் குப்புறப் படுத்துப் பலகையில் காதை வைத்தார். கீழே டக்டக்கென்று பம்ப் அடித்தது. சாவியைத் தொடாமல், கியரில் கிளட்சைச் சட்டென்று விட்டு அவள் என்ஜினை நிறுத்தினாள். இரண்டே நொடியில் சத்தம் அடங்கியது. "இன்னொரு தடவை" என்றார். ஐந்து தடவை அப்படிச் செய்ய வைத்தார். பிறகு எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"கட்டில் இருந்த இடத்துலயே இருக்கட்டும்."

அடுத்த வாரமே கிளம்பினார்கள். வழக்கமாக நிற்கும் வளைவு வந்ததும் கணவர் பழக்கத்தில் ஈரத்துணியைக் கையில் எடுத்தார். வண்டி முனகியது, ஆனால் நிற்கவில்லை. அடுத்த வளைவும் போனது. அதற்குமேல் இவர்கள் பார்த்தேயிராத சாலை. கணவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, காற்றில் தலையை நீட்டிச் சின்னப் பிள்ளைபோல் சிரித்தார்.

பத்து மணிக்குள் பள்ளிக்கூட வாசலில் வண்டி நின்றது. நாற்பதல்ல, அறுபது பேர் இருந்தார்கள். அவள் முதல் ஆளை உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டத் தொடங்கினாள்.

வெளியே கணவர் தபால்காரரின் தோளில் கை போட்டிருந்தார். "ஏன் சார், இந்த ரோடு இதுக்கு மேல எங்க போகுது?"