வார்சாவில் ஷூவைக் கழற்றிய இடம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் நான் போலந்தின் வார்சாவுக்குப் போனது என் திறமையால் அல்ல. பள்ளி ஆசிரியர் குழுவில் போகவேண்டிய ஒருவருக்கு மஞ்சள்காமாலை கண்டதால் அந்த இடம் எனக்கு வந்தது. நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. எங்கள் ஊர் பூதப்பாண்டியில் பாதிப் பேர் நான் ருஷ்யாவுக்குப் போகிறேன் என்றும், மீதிப் பேர் கொழும்புக்கு என்றும் நினைத்துக்கொண்டார்கள். எங்கே போகிறேன் என்று அம்மா கேட்கவில்லை. எப்போது திரும்புவேன் என்று மட்டும் கேட்டாள்.

எங்களுக்குள் அப்போது பேச்சு சரியில்லை. முந்தின வருடம் ஐப்பசி மழையில் எங்கள் மண்சுவர் வீடு இடிந்து, உள்ளே படுத்திருந்த என் தம்பி செத்துப்போனான். அம்மாவும் நானும் ஒரு கல்யாணத்துக்காகக் குழித்துறை போயிருந்ததால் பிழைத்தோம். பிறகு அடுத்த தெருவில் வாடகை வீடு. கோவிலுக்குப் போவதென்றாலும் அம்மா அந்த மனை கண்ணில் படாத சுற்றுவழியில்தான் போவாள். எனக்கோ ஓர் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து நிற்பது எரிச்சலாக இருந்தது. பழைய இடத்திலேயே கல்லுச்சுவர் வைத்துக் கட்டிவிடலாம் என்று ஒருநாள் அவளிடம் கேட்காமலே கொத்தனாரை வரவழைத்தேன். அம்மா அன்று சோற்றைத் தொடவில்லை.

"எம் பிள்ள செத்த மண்ணுல நான் அடுப்பு மூட்டணுமாலே? உனக்கு வேணும்னா கட்டிக்கோ. நான் அந்த வாசல் ஏறமாட்டேன்" என்றாள்.

அவள் வராத வீடு எனக்கு எதற்கு? கொத்தனாரைத் திருப்பி அனுப்பினேன். அந்தக் கோபம் ஆறாமல்தான் ஊரைவிட்டுக் கிளம்பினேன்.

வார்சாவில் பீட்ரூட்டைப் போட்டுச் சிவப்பாக ஒரு ரசம் தந்தார்கள். புளியில்லாத ரசத்தை அவ்வளவு பேர் ரசித்துக் குடிப்பதை முதன்முதலாகப் பார்த்தேன். யுத்தத்தில் தரைமட்டமான பழைய நகரத்தை, பழைய ஓவியங்களைப் பார்த்துப் பார்த்து, இருந்த இடத்திலேயே இருந்தபடியே திரும்பக் கட்டியிருந்தார்கள். ஜன்னல், வளைவு, சுவரின் மஞ்சள் நிறம் எல்லாம் முன்புபோலவே என்று வழிகாட்ட எங்களுடன் வந்த அந்த ஊர்க் கல்லூரிப் பெண் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தாள். அம்மாவைக் கூட்டிவந்து இதைக் காட்டினால் என்ன சொல்லுவாள் பார்ப்போம் என்று எனக்கு உள்ளுக்குள் ஓர் அற்ப சந்தோஷம்.

ஒரு சந்து திரும்பியதும் ஒரு சுவரின் அடியில் பூக்கள் கிடந்தன. நடுவில் கண்ணாடிக் குப்பிக்குள் மெழுகுவர்த்தி எரிந்தது. நான் யோசிக்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் அகாலமாகச் செத்தவர்களுக்குப் பீடம் போட்டு விளக்கு வைப்பார்கள். வழியில் அப்படி ஒன்றைக் கண்டால் செருப்போடு தாண்டமாட்டோம். ஷூவையும் காலுறையையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கும்பிட்டேன். திருநீறு இல்லையே என்று சுவரடி மண்ணைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டேன். குளிர்ந்த கல் உள்ளங்காலைக் கடித்தது. கூட வந்த ஆசிரியர்கள் சிரித்துவிட்டார்கள்.

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளிறிப்போயிற்று. "இது கோவில் இல்லை. யுத்தத்தில் ஜெர்மன்காரர்கள் இந்த இடத்தில் சுவரோடு நிறுத்தி ஆட்களைச் சுட்டார்கள்" என்றாள்.

"எங்கள் ஊரிலும் இப்படிப்பட்ட இடத்தில்தான் கும்பிடுவோம்" என்றேன்.

அதற்குள் பக்கத்து வாசலில் தலையில் கறுப்புத் துணி கட்டிய ஒரு வயதான அம்மாள் வந்து நின்றாள். என் வெறுங்காலைப் பார்த்தாள். என்னமோ சொன்னாள்; கல்லூரிப் பெண் அதை இங்கிலீஷில் சொன்னாள். அவள் கணவனையும் அங்கேதான் சுட்டார்களாம், விளக்கு அவள் வைப்பதாம். "எங்கே குடியிருக்கிறாள்?" என்று கேட்டேன். அந்த அம்மாள் சுவருக்கு நேர்மேலே ஒரு ஜன்னலைக் காட்டினாள். பிறகு குனிந்து என் ஷூவை எடுத்து என் பக்கத்தில் வைத்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஊருக்கு வந்ததும் அம்மா மரச்சீனிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருக்க, எதிரே உட்கார்ந்து கதை அளந்தேன். நகரத்தையே இருந்த இடத்தில் கட்டிவிட்டார்கள் என்று குத்தலாகத்தான் சொன்னேன். அவள் நிமிரவில்லை. ஷூவைக் கழற்றி அசடு வழிந்ததைச் சொன்னபோது அவள் கையில் கத்தி நின்றது.

"அந்த விளக்க யாரு வைக்கா?"

"செத்தவரு பெண்டாட்டி."

"எங்கேருந்து வந்து வைக்கா?"

"எங்கேருந்தும் வரல. அந்தச் சொவருக்கு மேலதான் குடியிருக்கா. எறங்கி வந்து வச்சிட்டுப் போவா."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்போ நம்ம பிள்ளதான் இருட்டுல கெடக்கான், இல்லியா மக்கா?"

அம்மாவோடு சண்டை போடத் தெரிந்த எனக்கு, ஒரு வருடமாக அந்த மனையில் ஒரு விளக்கு ஏற்றத் தோன்றவில்லை.

அன்று அந்தியில் அவள் எண்ணெயும் அகலும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சுற்றுவழியில் அல்ல, நேர்வழியில். மனையில் எருக்கு மண்டிக்கிடந்தது. தம்பி படுக்கும் மூலை எது என்று என்னிடம் கேட்காமலே போய் விளக்கை ஏற்றினாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று அழுதேன். அவள் அழவில்லை. சேலைத் தலைப்பால் சுடருக்குக் காற்று மறைத்துக்கொண்டே சொன்னாள்:

"கொத்தனார வரச்சொல்லு மக்கா. இந்த மூலைய மட்டும் அடச்சிராம, வெளக்கு வைக்க எடம் விட்டுக் கட்டணும்."