தமிழ் கதைக்கக் கூடாத பாடவேளை

கல்முனையில் நான் ஆங்கில ஆசிரியை. என் பாடவேளையில் யாரும் தமிழில் கதைக்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். றமழானில் ஒருநாள் விடியமுன் சாப்பிடும் சஹருக்கு எழும்பாமலே நோன்பு பிடித்திருந்தேன். ‘ஃபெயின்ட்’ என்றால் மயங்கி விழுவது என்பதை வழக்கம்போல நடித்துக் காட்டினேன். நெற்றியில் கைவைத்ததும் உண்மையிலேயே கண் இருண்டது. பிள்ளைகள் கைதட்டியது மட்டும் கேட்டது.

விழித்தபோது என் தலை ஹப்ஸாவின் மடியில் இருந்தது. என் வகுப்பில் வாயே திறக்காத அந்தப் பிள்ளை, "ஓடி வாங்க, டீச்சருக்கு மயக்கம்!" என்று கத்திக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாள்.

"தமிழ்ல கதைச்சிட்டன் டீச்சர், ஏசாதீங்க."

அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்து நோன்பை முறித்தேன். என் சட்டத்தையும் அன்றே விட்டேன். நோன்பை மட்டும் பெருநாளுக்குப் பிறகு ஈடாகப் பிடித்துக் களாச் செய்தேன்.