நோயில்லாதவன் என்று கை நீட்டினேன்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. சாணார்பட்டிப் பக்கம் தரிசாகக் கிடந்த நிலத்தில் கிணறு வெட்டினேன், தென்னை வைத்தேன், தேங்காய்க் களம் போட்டேன், மாடி வீடு கட்டினேன். அறுபத்தெட்டு வயதிலும் கடப்பாரையில் காய் உரிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

சென்ற வருடம் உடம்பில் ஒரே பரபரப்பு. தூக்கம் வராது, ஓரிடத்தில் உட்கார முடியாது, இளைத்துப்போய் வேட்டி இடுப்பில் நிற்காது. ஒருநாள் கை நடுங்கிக் காய் வழுக்கி, கடப்பாரை முனை உள்ளங்கையைக் கிழித்தது.

"செத்த நேரம் உக்காருங்களேன்" என்றாள் மனைவி.

"இது உழைக்கிற உடம்புடி" என்றேன்.

அவளுக்குத் தைராய்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கழுத்துச் சுரப்பியைத் தாக்கும் நோயாம். அதை ஆராயும் திண்டுக்கல் டாக்டரம்மா, ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் ரத்தமும் வேண்டும் என்றார். "என்னைவிட யாரு இருக்கா?" என்று கை நீட்டினேன்.

நான்காம் நாள் போன் செய்தார். "ஐயா, உங்களுக்கும் தைராய்டுதான். அம்மாவுக்குச் சுரப்பு கம்மி, உங்களுக்கு ரொம்ப அதிகம். இப்படியே விட்டா இதயம் தாங்காது. உடனே வாங்க."

"இதைத்தான் இம்புட்டு நாளா சுறுசுறுப்புன்னு பீத்திக்கிட்டீகளா?" என்றாள் மனைவி.

இப்போது தினமும் மாத்திரை போடுகிறேன். கை நடுங்கினால் களத்துக்குப் போவதில்லை, டாக்டரம்மாவிடம் போகிறேன். ரத்தம் கொடுத்த அன்று, பெயரை வெளியிட மாட்டோம் என்றிருந்த ஒப்புதல் தாளில், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பெயரை மறைப்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆராய்ச்சி அச்சாகும்போது, அந்த ரத்தம் கொடுத்தவன் நான்தான் என்று என் பெயரை முழுதாகப் போட வேண்டும்.