சந்தை சிவப்பான நாள்

கொரோனா இரண்டாம் அலையில் தென்காசி சுகாதார அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண், நோய் அடுத்து எங்கே பரவும் என்று கணிக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமை இயக்கினாள். ஒல்லியான உடம்பு, பயம் வந்தால் முகக்கவசத்தின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருப்பாள். ஒரு காலையில் திரையிலிருந்த வரைபடத்தில் பாவூர்சத்திரம் சந்தை சிவப்பானது; அடுத்து அங்கேதான் பரவும் என்று அர்த்தம்.

"எங்கப்பா அங்கனதான் மூட்டை தூக்குதாவ, அண்ணாச்சி."

"போவாண்டாம்னு ஒரு போன் போடும்மா."

"அவுகளுக்கு மட்டும் சொல்லிட்டு மத்தவுகள விட்டுரவா? இது தப்பாச் சொல்லி சந்தைய மூடிட்டாலும் அத்தன பேரு பொழப்பு போயிரும்."

முகக்கவசத்தின் ஓரத்தைத் திருகிக்கொண்டேதான் அதிகாரியிடம் போய்ச் சொன்னாள். மதியமே சந்தையை மூடினார்கள். பயந்த அளவுக்கு அங்கே நோய் பரவவில்லை. அவள் அப்பாவும் தப்பினார்.

"அப்ப கணிப்பு சரியா, தப்பா?" என்று பிறகு கேட்டேன்.

"தெரியலை அண்ணாச்சி. மூடாம இருந்திருந்தாத்தான் தெரிஞ்சிருக்கும்."