வெள்ளை எருமை

இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு இன்று காலை ஹவுஸ் ஓனர் அக்கா திடீரென்று வந்துவிட்டார்.

சுவரில் ஆணியே அடிக்கக் கூடாது என்றவர். நானோ பலகை அடித்து, கையால் செய்த பீங்கான் சாமான்களை அடுக்கியிருந்தேன். ஜாடி, கிண்ணம், எருமை பொம்மை, எல்லாமே வெள்ளை. காலி பண்ணச் சொல்வாரோ என்று பயந்து நின்றேன்.

அக்கா எருமையைக் கையில் எடுத்தார். "இன்னாம்மா, எருமைய சுண்ணாம்புல முக்கிட்டியா?"

"எல்லாம் ஒரே நிறமா இருக்கட்டும்னு நானே செஞ்சேன்க்கா."

கொம்பைத் தடவிச் சிரித்தார். "எங்க வூட்டு எருமையும் இப்டித்தான் தலைய சாச்சிக்கினு நிக்கும். இத எனக்குக் குடேன்."

ஆணியைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் செய்ததை ஒருவர் ஆசையாகக் கேட்டு வாங்கிப் போனது இதுவே முதல் முறை. இன்னும் சிரித்துக்கொண்டே இருக்கிறேன்.

அடுத்து வெள்ளைக் காக்கா செய்யலாமா? நீங்களே சொல்லுங்கள்.