பரங்கிமலைப் பாறையில் ஜொவிட்டாவின் பெயர்

ஜொவிட்டாவின் பெயரில் ஒரு பாக்டீரியா இருக்கிறது. மயிலாப்பூரில் அவள் குடியிருக்கும் தெருவுக்கே இது தெரியும். தெரியாதவர்களை அவள் அம்மா அல்போன்சா விட்டுவைக்கவில்லை.

பரங்கிமலையின் பின்சரிவில், வெயிலும் மழையும் அரித்துப் பொரிந்துபோன பாறைகளின் மேல் கறுப்பாக ஒரு படலம் இருக்கும். அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த புதிதில் அவள்தான் அதைச் சுரண்டி எடுத்துவந்தாள். கிருமி வளர்க்க வைத்த மற்றவர்களின் கண்ணாடித் தட்டுகளில் மறுநாளே என்னென்னவோ முளைத்தன. இவளுடையதில் ஒன்றுமில்லை. தூக்கிப் போடு என்றார்கள். போடவில்லை. சில வாரம் கழித்துக் கடுகில் பாதி அளவுக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. அதைப் பிரித்து வளர்த்து, என்ன தின்கிறது, எந்தச் சூட்டில் சாகிறது, எவ்வளவு உப்பைத் தாங்கும் என்றெல்லாம் பார்த்து, இதுவரை யாரும் விவரிக்காத புது இனம் என்று அவள் நிரூபிப்பதற்குள் பார்த்த வரன்களெல்லாம் கைநழுவிவிட்டன. அது போகட்டும். இதை எழுதும் ஆய்வுக் கட்டுரை அவள் பெயரில் அச்சில் வந்தால்தான் முனைவர் பட்டம். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஒருநாள் அவளுடைய ஆய்வு வழிகாட்டி, பேராசிரியர் முத்துகிருஷ்ணன், அவளை அறைக்குக் கூப்பிட்டுக் காபி வரவழைத்தார். அவர் காபி கொடுத்தால் எதையோ பிடுங்கப்போகிறார் என்று ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்று அவளுக்குத்தான் உறைக்கவில்லை.

"புது இனத்துக்கு உன் பேரையே வச்சிடலாம்மா," என்றார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொன்னாள். பாவி, நன்றி சொன்னாள்!

பிறகுதான் மீதி வந்தது. கட்டுரை எழுதுகிறவர் தன் பெயரையே உயிரினத்துக்குச் சூட்டிக்கொள்வது இந்தத் துறையில் வழக்கமில்லையாம். ஆகவே எழுதியவர்கள் வரிசையில் அவள் இருக்க முடியாதாம். முதல் பெயர் நிரஞ்சனுடையது. கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தவன், பேராசிரியரின் அக்கா மகன்.

"அப்போ எனக்கு அந்தப் பேரே வேணாம் சார். என்னைக் கட்டுரையில போடுங்க," என்றாள் ஜொவிட்டா.

அனுப்பியாகிவிட்டது என்றார். காபி ஆறுகிறது என்றும் சொன்னார்.

கட்டுரை வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்ததும் சாமியார் அறிவித்தார், எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா பவுல்சாமி பத்திரிகையில் வந்த செய்தியைச் சட்டம் போட்டு மாட்டினார். அந்த முகங்களைப் பார்த்து உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நிரஞ்சன் டாக்டர் ஆனான். இவளுக்கு உதவித்தொகை நின்றது. வடபழனிப் பக்கம் ஒரு கல்லூரியில் நேர்காணலுக்குப் போனபோது எத்தனை கட்டுரை என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றாள். ஒருவர் மட்டும் அவள் பெயரை மறுபடி படித்துவிட்டு, அந்தப் பாக்டீரியாவுக்கும் இதே பெயர்தானே என்று சிரித்தார். இப்போது கோடம்பாக்கத்தில் ஒரு பரிசோதனை நிலையத்தில் சிறுநீர்க் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறாள்.

போன வாரம் பவுல்சாமி சட்டத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஏம்மா எப்பவும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு கீற? ஒலகம் பூரா உன் பேரு கீதே."

"செத்தவங்களுக்குத்தாம்பா அப்படிப் பேரு வைப்பாங்க," என்றாள். பிறகு காபியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

சட்டம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. பவுல்சாமி அதைத் துடைப்பதில்லை.