பெரியப்பா தாழ்த்த கூரை

பெரியப்பா யாருக்காவது உதவி செய்யக் கிளம்பினால் பெரியம்மாவுக்குப் பயம் பிடித்துவிடும். அது வீண் பயம் இல்லை என்பதை என் ஒன்பதாவது வயதில் கண்ணால் கண்டேன்.

டென்மார்க்கில் நாங்கள் குடியிருந்த டோஸ்ட்ருப்பிலிருந்து கோடை விடுமுறைக்கு, நாட்டின் வடக்கே ஒரு சின்னத் தீவுக்குப் போயிருந்தோம். பக்கத்து வீட்டு அம்மா தனியாளாக உருளைக்கிழங்கு பயிரிடுபவர். அவருடைய வேலியோரம் கடலிலிருந்து கரையொதுங்கிய சாதாளை காய்ந்து மலையாகக் குவிந்து கிடந்தது. இலங்கையில் எங்கள் ஊரான புங்குடுதீவில் புகையிலைக்கு எருவாக மண்ணில் புதைத்துத் தாழ்க்கிற அதே கடற்புல்தான். பெரியப்பா அங்கே தோட்டம் செய்தவர். இங்கே பல வருடங்களாகத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவர். அவருக்குக் கை துருதுருத்தது.

"பாவம், தனிச்ச பொம்பிளை. பசளையைக் குவிச்சுப்போட்டுத் தாழ்க்க ஆளில்லாமல் நிக்கிறா."

"கேட்டுப்போட்டுச் செய்யுங்கோவன்," என்றார் பெரியம்மா.

உதவி செய்ய என்ன கேள்வி என்று, அந்த அம்மா கப்பலேறி வெளியே போன நாளில், கிழங்கு கிண்டி முடிந்த தரை முழுக்கச் சாதாளையைக் கொத்தித் தாழ்த்துவிட்டார். பிள்ளைகள் நாங்களும் குதியாட்டம் போட்டு மிதித்தோம்.

மாலையில் திரும்பிய அந்த அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. அந்தத் தீவில் சாதாளையால்தான் கூரை வேய்வார்களாம். ஒழுகுகிற பக்கத்தை மாற்ற வருடக்கணக்காகச் சேர்த்தது. சனிக்கிழமை ஊரே கூடி வேய்வதாக இருந்ததாம்.

"பெரியப்பா, அது பசளை இல்லை. அவவின்ரை கூரை."

பெரியப்பாவின் முகம் செத்துப்போனது. டேனிஷ் மொழியில் தனக்குத் தெரிந்த ஒரே மன்னிப்பை மூன்று தடவை சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் தள்ளுவண்டியோடு கடற்கரைக்குப் போனார். ஈரச் சாதாளையை அள்ளி வந்து புல்லில் பரப்பி, புரட்டிப் புரட்டிக் காயவைத்தார். தினமும் அதே வேலை. விசிலடித்துக்கொண்டு போவார், வந்து இரண்டு நீத்துப்பெட்டி நிறைய அவித்த புட்டைச் சாப்பிடுவார். கவலையை எங்களுக்குக் காட்டாமல் மறைக்கிறார் என்று நினைத்து நான் உருகிப்போனேன்.

பத்தாம் நாள் பொறுக்கமுடியாமல் அந்த அம்மாவிடம் ஓடினேன். "போதும், என் பெரியப்பாவை விட்டுவிடுங்கள்," என்று டேனிஷில் கெஞ்சினேன்.

"முதல் நாளே விட்டுவிட்டேனே!" என்று அவர் சிரித்தார். "வேண்டாம் என்று கையசைத்துக் காட்டினாலும் விசிலடித்துக்கொண்டே வருகிறார்."

அவர் சொன்னதை நான் நம்பவில்லை; பெரியவர்கள் இப்படிக் கூசாமல் பொய் சொல்வார்களா என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.